மூன்றாவது தசமம்

இருபத்தைந்தாம் தேதி இரவு.
ரூவியில் ஏசி பெட்டிகள் சொட்டுகின்றன.
கீழே ஷட்டர்கள் ஒவ்வொன்றாய் இறங்குகின்றன.
மூன்றாம் மாடியில் நானும் ஷைனியும் ஒரு சர்வரும்.
சம்பளம் வந்த கைப்பேசிகள் எல்லாம்
ஒரே நேரத்தில் கதவைத் தட்டுகின்றன.
நோட் என்கிற அந்த ஒற்றைக் காவலாளி
யாருக்காகவும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை:
சீட்டு வாங்கிக்கொள், தள்ளி நில், கூப்பிடுகிறேன்.
எங்கேயோ ஒரு வங்கி
பதில் சொல்ல நாலு விநாடி யோசிக்கிறது;
அதற்குள் நானூறு பேருக்குச் சீட்டு.

துக்மிலிருந்து ஒரு புகார்.
பெயர் கொளஞ்சி. சாரம் கட்டுகிறவர்.
அனுப்பிய பணம் விருத்தாசலம் போய்ச் சேராமல்
திரும்பி வந்துவிட்டது.
கட்டணமும் திரும்பி வந்தது.
அதில்தான் ஐந்து பைசா குறைகிறது என்கிறார்.

ஐந்து பைசா.
நூறு பைசா பரோட்டாவில் ஒரு விள்ளல்கூட இல்லை
என்று ஷைனி சிரித்தாள்.
நானும் சிரித்துவிட்டுத்தான் லாகைத் திறந்தேன்.

இந்த நாட்டு ரியாலுக்கு ஆயிரம் பைசா,
புள்ளிக்குப் பின்னால் மூன்று இடம்.
ரூபாய்க்கு நூறு என்றே வளர்ந்த என் கை
பழக்கத்தில் இரண்டு என்று எழுதியிருக்கிறது.
போன ஏப்ரல். என் பெயரில் கமிட்.
செய்தி: 'சிறு திருத்தம்'.

ஜாவாஸ்கிரிப்டுக்கு
பத்தில் ஒன்றையும் பத்தில் இரண்டையும் கூட்டத் தெரியும்,
பத்தில் மூன்று என்று சொல்லத்தான் நாக்கு புரளாது,
பதினேழாம் இடத்தில்
ஒரு நான்கை ஒட்டிக்கொண்டு வந்து நிற்கும்.
ஒன்று புள்ளி சுழி சுழி ஐந்தை
இரண்டு இடத்துக்குச் சுருக்கச் சொன்னால்
மேலே ஏறும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம்.
கீழே இறங்குகிறது. செய்து பாருங்கள்.

எண்ணினேன்.
பதினோராயிரத்து இருநூற்று நாற்பது முறை.
ஐம்பத்தாறு ரியால் சொச்சம்.
யாரும் திருடவில்லை,
ஒரு சஸ்பென்ஸ் கணக்கில்
யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி உட்கார்ந்திருக்கிறது.
கேட்டவர் ஒருவர்தான்.

ரியாலை விட்டுவிட்டேன்.
எல்லாம் இனி பைசா, முழு எண், ஆயிரத்து ஐந்து.
டெஸ்ட் எழுதினேன், சிவப்பு.
ஓர் அவெய்ட்டை மறந்திருக்கிறேன்:
பணம் வருமுன்னே
வாக்குறுதியையே வரவு வைத்துவிட்டது.
ஏஜென்ட்டுகள் புண்ணியத்தில்
இங்கே அது புதிதல்ல.
காத்திரு என்று ஒரு சொல் சேர்த்தேன்.
பச்சை.

பணம் ஏன் திரும்பியது என்பதை
அப்புறம்தான் பார்த்தேன்.
கடைசிப் பெயர், கட்டாயம் என்று ஒரு கட்டம்.
பழைய கவுன்ட்டரில் யாரோ காலியாக விட்டிருக்கிறார்கள்.
என் வரி இரண்டையும் ஒட்டி அனுப்பியிருக்கிறது:
கொளஞ்சி அன்டிஃபைன்ட்.
பெயர் பொருந்தவில்லை என்றது வங்கி.
எப்படிப் பொருந்தும்.

இரவு ஷிஃப்டில் இருந்தார், பேசினேன்.
காற்று ஃபோனுக்குள் அடித்தது.
அஞ்சு பைசா கிடக்கட்டும்மா,
ரசீதுல எம்பேருக்குப் பின்னாடி
என்னமோ போட்டிருக்கே,
அது எந்தச் சாதி?

சாதி இல்லைங்க, பிழை என்றேன்.
ரெண்டும் ஒண்ணுதானே என்றாரா,
காற்றா, சரியாகக் கேட்கவில்லை.

பெயரின் வாலை வெட்டிப் போட்டுவிட்டு
கடல் தாண்டி வந்திருக்கிறோம்.
வெட்டிய இடத்தைத்தான்
சிவப்பு நட்சத்திரம் போட்டு
ஒரு படிவம் கேட்கிறது.
அந்த நட்சத்திரத்தை நீக்க
சட்டப் பிரிவு கையெழுத்திட வேண்டும்,
ஹமூத் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்.

மூன்று மணிக்கு டெப்ளாய்.
வேலை நடந்தது என்பதற்கு அடையாளமாய்
தானாகவே ஒரு எஸ்எம்எஸ் போனது:
மதிப்புக்குரிய கொளஞ்சி அன்டிஃபைன்ட்,
உங்கள் கணக்கில் ஐந்து பைசா
வரவு வைக்கப்பட்டது.

அதை அனுப்ப எங்களுக்கு எட்டு பைசா.