நூறில் இருபத்தேழு

எனக்குத் தந்த நீல ஓவராலின் மார்பில்
யோசு என்று தைத்திருந்தது.
ஓய்வு பெற்றவனோ ஓடிப்போனவனோ,
என்னைவிட ஒரு சாண் உயரம்.
கால்முனையை மூன்று மடிப்பு மடித்துவிட்டு
எல்கோய்பாரில், மழை விடாத ஒரு திங்கட்கிழமை,
நாற்பத்து நான்கு வயதில்
முதல்முறையாக ஒரு வேலைக்குள் நுழைந்தேன்.

படிவத்தில் ‘முன் அனுபவம்’ என்ற கட்டத்தைக்
காலியாக விட்டிருந்தேன்.
“கணவர்?” என்றார் கணக்கர்.
போய்விட்டார், என்றேன்.
பேனாவை மூடி எழுந்தே விட்டார், பாவம்.
சாகவில்லை ஐயா,
விட்டோரியாவுக்குப் போய்விட்டார்.

ஓயான், ஷிப்டுக்குப் பொறுப்பாளன்,
என் மகளைவிட ஒரு வயது இளையவன்,
நெற்றியில் பரு இன்னும் ஆறவில்லை,
என் வலக்கையைப் பார்த்துச் சொன்னான்:
“மோதிரத்தோடு லேத் பக்கம் வரக் கூடாது.
விரலையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.”

இது வராது, என்றேன்.
பதினொரு மாதமாகச் சோப்பு, வெண்ணெய், தையல்நூல்,
ஒரு ராத்திரி பல்லாலும்கூட.
அவன் பேசாமல் எண்ணெய்த் தகரத்தை நீட்டினான்,
இரும்பு வெட்டும்போது ஊற்றுவது.
ஒரே திருகு.
அத்தனை சுலபமாகக் கழன்றதில்
எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது.

மைக்ரோமீட்டர் பிடிக்கக் காட்டினான்.
அளந்து பார்க்க ஏதாவது வேண்டுமே,
கையில் இருந்ததைக் கொடுத்தேன்.
மேல்பக்கம் ஒன்று புள்ளி ஆறு ஒன்று.
உள்ளங்கைப் பக்கம் ஒன்று புள்ளி மூன்று நான்கு.
தப்பாகப் பிடித்தேனோ என்று திரும்பவும் அளந்தேன்.
அதேதான்.

வாளிப்பிடி, துடைப்பத் தண்டு,
அவன் அம்மாவின் சக்கர நாற்காலி,
படி ஏறும்போதெல்லாம் இறுக்கிப் பிடித்த கம்பி.
இருபத்தோரு வருடம் அரைத்து எடுத்தது
ஒரு மில்லிமீட்டரில் நூறில் இருபத்தேழு.
அந்தக் கட்டத்தில் இதை எழுதியிருக்கலாம்.

“எவ்வளவு வரை பொறுக்கும்?”
“வேலையைப் பொறுத்தது.
இந்தத் தண்டுக்கு நூறில் இரண்டு.
அதைத் தாண்டினால் அங்கே.”
சிவப்புப் பெட்டியைக் காலால் காட்டினான்.

மாலைக்குள் இரண்டு தண்டுகள் அங்கே போயின.
ஒன்றில் நான் கைப்பிடியைச் சுற்றியது அதிகம்,
இன்னொன்றில் என்ன செய்தேன் என்று
ஓயானுக்கே புரியவில்லை.
மூன்றாவது: இருபத்தைந்துக்கு நூறில் ஒன்று குறைவு.
துணியால் துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை உருட்டி,
ஒன்றும் சொல்லாமல் தட்டில் அடுக்கினான்.
இன்னும் சூடாக இருந்தது அது.

மோதிரம் சட்டைப்பையில், சுருள் சுருளாய்
இரும்புச் சீவல்களுக்கு நடுவில்.
விரலில் அது இருந்த வெள்ளைப் பள்ளத்தில்
எண்ணெய்க்கறுப்பு ஒரு கோடாக இறங்கியிருந்தது.
எத்தனை தேய்த்தும் போகவில்லை.
நான் அதிகம் தேய்க்கவும் இல்லை.

“யோசு! போகும்போது விளக்கை அணை”
என்று யாரோ கத்தினார்கள்.
அணைத்தேன்.