பேராடா, பேயா

டிப்போவில் நான் நேரக் காப்பாளர்.
வந்த நேரம், போன நேரம், பிந்திய காரணம்
இவ்வளவுதான் எழுத வேண்டும்.
ஒருநாள் கை தவறி
‘ஸ்வஸ்தி ஸ்ரீ. முகாமையாளர்க்கு யாண்டு நாலாவது
மூதூர் பஸ் டயர் வெடித்து வீரசுவர்க்கம் எய்தியது’
என்று எழுதிவிட்டேன்.
விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.
கல்லில் வெட்டித் தந்திருக்கலாம்,
தாளில்தான் தந்தார்கள்.

நாங்கள் மூன்று பேர். நான் சோழர் பக்கம்.
ஐஸ் கொம்பனிக் கணக்கர் நஜிமுதீன் பாண்டியர் பக்கம்:
கோட்டை வாசலில் அந்த இரட்டைக் கயல் இருக்கும்வரை
தன்னை ஒருவரும் அசைக்கேலாது என்பார்.
பல் டாக்டரின் உதவியாளர் பெனடிக்ரா
ஈமத் தாழிகளின் கட்சி.
அரசன் என்று ஒருத்தன் வந்த அன்றைக்கே
சரித்திரம் கெட்டுப்போச்சு என்பாள்.

டச் பே கரையில், கடலைச் சுருளோடு,
ஆயிரம் வருடத்துத் தோல்விகளுக்கு
இன்றைக்குச் சத்தம் போடுவோம்.
கடலைக்காரர் ஒருமுறை நின்று கேட்டார்:
“ஸ்கோர் என்ன?”

பிறகுதான் நிலாவெளியில்
பரிமளகாந்தி வீட்டுக் கிணற்றடியில் அந்தக் கல்.
அதன்மேல் பாதி வெட்டிய பாரை மீன்.
பாரையின் வாலுக்குக் கீழே எழுத்து.
நஜிமுதீன் செதிலைக் காட்டித் துள்ளினார்:
“மீன்! பாண்டியன்தான். இனி வாசிக்கவே தேவையில்லை.”

பெனடிக்ரா பற்தூரிகையால் எழுத்தெழுத்தாய்த் துலக்க
பரிமளகாந்தி கத்தியோடு காத்து நின்றார்.
“கெதியா முடியுங்கோ, கறி வைக்க வேணும்.”
ஈரத்தாளை ஒற்றினோம், தட்டினோம், கரி பூசினோம்.
முங்கினவர்கள் மூச்சுக்கு மேலே வருவதுபோல்
வந்தன வெள்ளை வெள்ளையாய்

சாவாமூவாபபெ

அதற்கு மேல் கல் உடைந்திருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது.
சாவா மூவாப் பேராடு!
விளக்குக்கு நெய் தரக் கோயிலுக்கு விட்ட ஆடுகள்,
விளக்கொன்றுக்குத் தொண்ணூறு.
ஒன்று செத்தால் குட்டியொன்று கணக்கில் ஏறும்,
ஆடு சாகும், தொண்ணூறு சாகாது.
சந்திரனும் சூரியனும் உள்ளமட்டும்
எங்கேயோ மேய்ந்துகொண்டே இருக்கும்.
கணக்கெழுதும் சாதி இதைவிட அழகாய்
எதையும் எழுதியதில்லை,
டயர் வெடித்த என் வரியையும் சேர்த்துத்தான்.

“பேய்,” என்றார் நஜிமுதீன்.
“என்னது?”
“பழைய எழுத்தில பெவுக்கும் பேவுக்கும் ஒரே கொம்பு.
சாகாதாம், மூக்காதாம், பே...
ஆடோ? எந்த மடையன்
ஆடு சாகாதெண்டு கல்லில வெட்டுவான்?
பேய்தான். கிணற்றடி எச்சரிக்கை.”

பரிமளகாந்தி கத்தியைக் கீழே வைத்தார்.
“எங்கட கிணத்தில பேய் இருக்கெண்டு
உங்களுக்கு ஆர் சொன்னது?”

மறுநாள் கோட்டைக்குள் மரநிழலில்
தாளை விரித்துவிட்டு, சண்டை பிடிக்கத் திரும்பினோம்.
மான் ஒன்று வந்தது.
சாவாவைத் தின்றது. மூவாவைத் தின்றது.
பெயில் நின்று எங்களை ஒருமுறை பார்த்தது.
அதையும் தின்றது.
ஒரு புள்ளிகூட இல்லாத எழுத்தை
உடம்பெல்லாம் புள்ளியாய் நின்று மென்றது.

கைபேசியில் ஒரு படம் உண்டு.
அதில் பெவுக்கு மேல் என் பெருவிரல்.
கல்லுக்கு மேல் மறுபடி மீன்.
நடுச்சாமத்தில் நஜிமுதீன் ஒற்றைச் சொல் அனுப்புவார்.
நான் ஓர் ஆட்டின் படம் அனுப்புவேன்.
விடியப் பார்த்தால், பெனடிக்ரா ஒரு தாழி.

நேற்று நிலாவெளி பஸ் பதினேழு நிமிடம் பிந்தியது.
காரணம், வீதியில் ஆடுகள்.
எத்தனை என்று கேட்டேன்.
சாரதி எண்ணவில்லையாம்.
தொண்ணூறு என்று எழுதினேன்.