நான்காம் அத்தியாயம்

சிலோயே தீவில் ஜூன் மாத மழை
மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும்.
ஜன்னலோரப் பிள்ளைகள்
தாளைக் கையால் அணைகட்டிக்கொண்டு எழுதுகிறார்கள்.
விறகடுப்பின் மேல் காயும் காலுறைகள்
பதினெட்டு சோடி, ஒன்று ஒற்றை.

முதல் வகுப்பு. ஆறு வயது.
இந்த மாதம் கதை கிடையாது என்று சொல்லிவிட்டேன்.
தெரிந்ததை எழுதுங்கள்.
ஆளுக்கு நான்கு தாள், நடுவில் மடித்து
இரண்டு பின் அடித்துக் கொடுத்தேன்.

டிராகன் எழுதலாமா?
கூடாது.
நான் பார்த்த டிராகன்?
கூட்டிக்கொண்டு வா, அப்புறம் எழுதலாம்.

இஸ்மேனியாவின் புத்தகம் சிப்பி பற்றியது.
தட்டிப் பார். வாயை மூடினால் உயிரோடிருக்கிறது.
மூடாவிட்டால் சமைக்காதே.
கீழே படம்: வயிற்றைப் பிடித்துக்கொண்டு
அவளுடைய மாமா.

பால்தோமேரோ ஃபெர்ரியை நெடுக்காக வெட்டி வரைந்தான்.
அடியில் லாரிகள், மேலே ஆட்கள்,
கழிப்பறைக்கு மட்டும் மூன்று அம்புக்குறி.

அய்லின் எழுதினாள்:
உருளைக்கிழங்கில் ஆயிரம் வகை உண்டு.
அது உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.
ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது
இதைக் கேட்கிறேன்;
தூக்கத்திலும் கேட்பதாகக் கணவர் சொல்கிறார்.
மறுநாள் ஆயிரத்தை அடித்திருந்தாள்.
எங்கள் வீட்டு மூட்டையில் ஐந்து வகை.
மற்ற வீடுகளுக்கு நான் போகவில்லை.

நெவென் எழுதியது பல்லைப் பற்றி.
அவனுடைய பல். கீழ்வரிசை, முன்னால்.
அத்தியாயம் ஒன்று: இருக்குமிடம்.
இரண்டு: ஆடும் திசைகள்.
மூன்று: ஆடும் பல்லால் கடிக்க முடியாதவை.
(ரொட்டி ஓரம், ஆப்பிள், தங்கை.)
நான்கு: விழுவது.

தினமும் காலையில் வருகைப் பதிவுக்கு முன்
அவன் வாயைப் பார்த்தேன்.
நூலிழையில் நின்றது.
அசைத்துக் காட்டினான், நாக்கால், தாராளமாக.
விழவில்லை.

வெள்ளிக்கிழமை வெளியீட்டு விழா.
வியாழன் மதியம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
எப்படியும் விழத்தானே போகிறது,
எழுதிவிடேன்.

பென்சிலைக் கீழே வைத்தான்.
ரத்தம் வருமா?
கொஞ்சம் வரும்.
சாப்பிடும்போதா, தூங்கும்போதா?
தெரியாது.
வலிக்குமா?
எனக்கு வலிக்கவில்லை.
அது உங்கள் புத்தகம் என்றான்.

விழாவுக்கு அம்மாக்கள் வந்தார்கள், அப்பாக்கள் சிலர்,
டீசல் வாசனையோடும் ஈரக் கம்பளி வாசனையோடும்.
இஸ்மேனியாவின் மாமாவும் வந்திருந்தார்;
படத்தைப் பார்த்துவிட்டு
மூக்கு சரியில்லை என்றார்.
நெவெனின் நான்காம் அத்தியாயத்தில்
ஒரே ஒரு வரி, கீழே தேதி:
இன்னும் ஆடுகிறது.

அன்றிரவு கல்வி அலுவலகத்துக்கு அறிக்கை.
எத்தனை மாணவர்கள் முடித்தனர்?
சின்னக் கட்டம், இரண்டு இலக்கம்தான் கொள்ளும்.
பத்தொன்பது என்று போட்டேன்.
யாரும் படிக்கப்போவதில்லை.
தேநீர் ஆறிப்போயிற்று.
தகரக் கூரையில் மழை
என் கேள்வியை எனக்கே திருப்பிக் கேட்டது
என்று எழுதினால் அழகாக இருக்கும்.
மழை எதுவும் கேட்கவில்லை.
நான்தான் எழுந்து போய் ரப்பரைத் தேடினேன்.

பதினெட்டு என்று மாற்றினேன்.
பிறகு நினைவு வந்தது:
அய்லினுக்குக் காய்ச்சல் வந்த அன்று
அவளுடைய கடைசிப் பக்கத்தை,
எழுத்தைச் சற்றுக் கோணலாக்கி,
நானே எழுதி முடித்தேன்.
பதினேழு.
கட்டத்துக்குள் தாள் மெலிந்து
மறுபக்கம் தெரிந்தது.

திங்கட்கிழமை நெவென்
வாயை இறுக மூடிக்கொண்டு வந்தான்.
வகுப்பே எழுந்து நின்றது.
திறந்தான்.
இருக்கிறது.

இன்னொரு தாள் வேண்டுமாம்.
நான்காம் அத்தியாயத்துக்கா என்றேன்.
இல்லை, மூன்றுக்கு.
நேற்று வீட்டில் சோளம்.