தன்மை ஒருமை

காலை ஒன்பதரைக்கு நான் திருடவில்லை.
பதினொன்றுக்கு, ஆமாம், நான்தான் அடித்தேன்,
ஆனால் அவன்தான் முதலில் என் தாயைப் பேசினான்.
மதியம் இரண்டுக்கு எனக்கு மூன்று பிள்ளைகள்,
லாரி உரிமம் போனால் சோறில்லை.

நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கும் வேலை.
'அவர் சொல்கிறார்' என்று தொடங்கக்கூடாது.
அவர் 'நான்' என்றால் நானும் 'நான்'.
பத்தொன்பது வருடமாக என் வாயில்
மற்றவர்களின் தன்மை ஒருமை.

பிராஸ் பசா கடைத்தொகுதியில்
மழைக்கு ஒதுங்கியபோது வாங்கினேன் அந்த நோட்டை.
தடித்த தாள், எவ்வளவு ஈரமும் தாங்கும் என்றார் கடைக்காரர்.
நானும்தான் என்று சொல்ல வந்து
பணத்தை மட்டும் நீட்டினேன்.

முதல் பக்கம் மூன்று வாரம்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது,
கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நீதிபதி மாதிரி.
பிறகொரு ராத்திரி
கட்டி வாங்கி வந்த கோப்பி-ஓ, பை சாய்ந்து,
பதினேழாம் பக்கத்தில்
பழுப்பு ஓடி, கரை கட்டி, ஒரு தீவு.
துடைக்கப் போன கை நின்றது.
தீவுக்கு ஒரு படகுத்துறை வரைந்தேன்.
துறையில் ஆளில்லை.
ஆட்களை எனக்கு வரையத் தெரியாது.

அப்புறம் கையில் கிடைத்ததெல்லாம் ஒட்டினேன்.
பலதுறை மருந்தகத்து வரிசை எண்,
விழாத நாலு இலக்கச் சீட்டு
(கணவருடையது; அவருக்கு நம்பிக்கை வற்றாது),
அங் பாவ் உறையிலிருந்து தங்க மீனின் வால்.
தலை எங்கே போனதோ.
இப்படிப் பக்கம் செய்கிறவர்களின் காணொளிகளில்
உலர்ந்த பூக்கள், வெளிநாட்டுத் தபால்தலை, சாய்ந்த வெயில்.
என் சமையலறையில் குழல்விளக்கு.
மின்தூக்கி வாசலில் உதிர்ந்து கிடந்த ஒற்றைக் காகிதப்பூவை
தொலைபேசி பில்லுக்குள் வைத்து நசுக்கினேன்.
ஊதா முழுக்க பில்லில் இறங்கிவிட்டது.
பில்லையே ஒட்டினேன்.

புதன்கிழமை ஒருவர்.
வழக்கைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை,
சொல்லவும் மாட்டேன்.
ஏன் திரும்பிப் போனீர்கள் என்றதற்கு
'மனசு கேக்கலைங்க' என்றார்.
மூன்று விநாடி
அறையே என் வாயைப் பார்த்தது.
'எனக்கு வருத்தமாக இருந்தது' என்ற அளவுக்குத்தான்
ஆங்கிலத்தில் வந்தது.
தவறில்லை. யாரும் ஆட்சேபிக்கவில்லை.
பதிவேட்டில் வருத்தம் ஏறியது.
கேட்காத மனசு என்னோடு ரயிலேறி
ஜூரோங் ஈஸ்ட் வரை நின்றுகொண்டே வந்தது.

அன்றிரவு
அந்த இரண்டு வார்த்தையைக் கொட்டை எழுத்தில் எழுதினேன்.
எழுதியதும் பயம்.
அவருடையதை நான் வைத்துக்கொள்ளலாமா?
வெள்ளைப் பூச்செடுத்து மூடினேன்.
மேலே நீலம். நீலம் காயுமுன் மஞ்சள்.
தூரிகை போதாமல்
காலாவதியான இஸி-லிங்க் அட்டையால் இழுத்தேன்.
பச்சை வரவில்லை. வேறென்னவோ வந்தது,
பாண்டான் நீர்த்தேக்கத்தில் மழைக்கு முந்திய நிறம்.
அதன் பெயர் எனக்கு இரண்டு மொழியிலும் தெரியாது.

அந்தத் தெரியாமையில் எவ்வளவு இடம்!
சத்தியம் செய்துவிட்டு உட்காரவில்லை இங்கே.
நிறத்துக்கு நிகர்ச்சொல் கேட்க ஆளில்லை.
கோடு பிசகினால் பிசகின பக்கமே போகலாம்,
போனேன்,
தாளின் ஓரம் தாண்டி மேசைவிரிப்பு வரைக்கும்.

காலையில், பல் துலக்கியபடி கணவர் எட்டிப் பார்த்தார்.
'என்ன இது?'
'தெரியலை.'
'நல்லாருக்கு. விரிப்பு போச்சு.'

ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தால்
நீலத்துக்கடியில் மேடாக ஒரு 'ம'.
மற்ற எழுத்தெல்லாம் மூழ்கிவிட்டன.
தடவிப் பார்த்தேன்.
யாருடைய 'ம' என்று விரல் கேட்கவில்லை.

முதல் பக்கம் இன்னும் காலிதான்.
ஒன்பதரைக்கு, நகத்திடுக்கில் போகாத நீலத்தோடு,
அந்த சைக்கிளை நான் எடுத்தது உண்மை,
திருப்பி வைப்பதாகத்தான் இருந்தேன்.