பதினொன்று நாற்பது வண்டி

எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின்
நடத்தைப் பதிவேட்டில்
ஒரே பேர் பதினாறு தடவை.
கெவின்ராஜ்: விசில் அடித்தான்.
கெவின்ராஜ்: முன்னால் இருந்தவன் காலரில் மை தெளித்தான்.
கெவின்ராஜ்: பூனை மாதிரி கத்தினான்,
கேட்டதற்கு, பூனைதான் டீச்சர் என்றான்.
எல்லாவற்றின் கீழும் என் கையெழுத்து:
வெளியே நிறுத்தப்பட்டான்.

வெளியே என்றால் வராண்டா.
அங்கிருந்து கொருக்குப்பேட்டைத் தண்டவாளம் தெரியும்,
கூட்ஸ் பெட்டிகளை எண்ணலாம்.
தண்டனை என்று நான் நினைத்தது
அவனுக்கு ஜன்னலோர சீட்.

அவன் அம்மா இறால் கம்பெனியிலிருந்து
ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்தாள்.
‘அடிங்க டீச்சர், நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்.’
ஐஸில் ஊறி வெளுத்த விரல்கள்.
நான் அடிப்பதில்லை என்றேன்.
பின்னே எதுக்குக் கூப்பிட்டே என்பதுபோல் பார்த்தாள்.
அரைநாள் சம்பளம் போயிருக்கும்.

சனிக்கிழமை, பதிவேட்டை மூட மனமில்லாமல்
ஒவ்வொன்றின் பக்கத்திலும் பாடவேளையை எழுதினேன்.
கணக்கில் ஒன்றுமில்லை.
அறிவியலில் ஒன்று, அதுவும் ஒரு தவளைக்காக.
மிச்சம் பதினைந்தும் தமிழ்.
என் தமிழ்.
வரிசையாக எழுந்து வாசிக்கும் நேரம்.
மூன்றாம் பெஞ்சில் யாழினி எழும்போதே
விசில். மை. பூனை.
அவன் முறைக்கு இன்னும் இரண்டே பேர்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில்
திங்கட்கிழமை அவனையே முதலில் எழுப்பினேன்.
பெஞ்சைத் தள்ளிவிட்டு
காம்பவுண்டு ஏறிக் குதித்துப் போய்விட்டான்.
அது என் தப்பு.
டீச்சர் தப்பை எழுத
அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

பதினொன்று நாற்பதுக்கு
கும்மிடிப்பூண்டி லோக்கல் போகும்.
அது கடக்கும்வரை வகுப்பில்
யார் என்ன சொன்னாலும் கேட்காது.
வியாழன், அது வளைவில் ஹாரன் அடித்ததும்
கெவின், நீ வாசி என்றேன்.
எழுந்தான்.
பன்னிரண்டு பெட்டி நேரத்துக்கு
உதடு அசைந்தது.
புத்தகம் நேராகத்தான் இருந்தது.
என்ன வாசித்தான், வாசித்தானா,
நான் கேட்கவில்லை.
உட்காரு என்றேன், உட்கார்ந்தான்.

மதியம் குழாய்த் திருகை உடைத்தான்.
பதினேழு.

வெள்ளிக்கிழமை வண்டி லேட்.
யாழினி முடித்துவிட்டாள், அடுத்தவனும் முடித்துவிட்டான்.
நான் தேவையில்லாமல்
வேற்றுமை உருபுகளை மறுபடி விளக்கிக்கொண்டிருந்தேன்.
அவன் விரலைப் பக்கத்தில் வைத்தபடி
ஜன்னலைப் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.