கவை

கம்பியா கயிறா என்று
மேலூரிலிருந்து போன் போடுகிறான் சேவுகன்.
நான் முனிச்சாலையில்,
சிக்கந்தர் லேத்துப் பட்டறை வாசலில்,
ஏழு மில்லி ஈட்டியை மடியில் கிடத்திக்கொண்டு.

இரண்டு ரப்பரையும் சேர்த்து இழுத்து
ஈட்டியின் வெட்டில் மாட்டுகிற கவை.
சுண்டுவிரல் நீளந்தான்.
மொத்தத் துப்பாக்கியும் அதை நம்பி
மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

எவர்சில்வர் கம்பி என்றால்
பார்க்காமலே மாட்டலாம்.
டக்கென்று உட்காரும்.
அந்த டக்தான் கோளாறு.
குவாரித் தண்ணீரில் சத்தம் கரைவதில்லை,
நாலு பக்கக் கல்லிலும் முட்டித் திரும்பும்.
போன மாசி மாதம்
பாறை நிழலில் கிடந்த விரால்
வாலை ஒரே ஒரு தடவை அசைத்தது.
அவ்வளவுதான்.
மறுபடி இழுக்கும்போது கம்பி நழுவி
சேவுகன் கட்டைவிரலில் ஐந்து தையல்.
என்ன கடித்தது என்று நர்ஸம்மா கேட்க
மீனென்று சொல்லிவிட்டான் பாவி.

கயிறு என்றால் சத்தமில்லை.
வலைக்கடையில் அறுந்த துண்டு சும்மாவே தருவார்கள்.
ஆனால் ஈட்டி வெட்டின் விளிம்பு
அதைத் தின்னும்.
கயிறு தேய்த்துத் தேய்த்துக்
கிணற்றுக் கல்லில் விழுந்த தடத்தைப் பார்த்திருக்கிறேன்.
இங்கே நியாயம் தலைகீழ்.
ஆனாலும் அது நூல் நூலாகச் சொல்லிவிட்டுத்தான் அறும்.
கம்பி ஒரு வார்த்தை சொல்லாது.

எனக்கு இது தெரியும்.
நாங்கள் முங்குகிற அதே குழியில்
ஆறு வருஷம் காய்ந்த தரையில் நின்றவன் நான்.
மலையை வெட்டியது உளியா என்ன?
வைரமணி கோத்த கம்பிக்கயிறு,
இரண்டு துளை வழியாக வளையமாய் ஓடி
ராத்திரி பகலாய் அறுத்தது.
ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்தது என் வேலை.
அது கம்பியா கயிறா என்று
அப்போது யாரும் கேட்கவில்லை.
அறுந்த அன்றைக்கு மணிகள் தோட்டாவாய்த் தெறித்தன.
ராக்கன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான்,
ஏதோ தூசி விழுந்தவன் மாதிரி.

அவன் உட்கார்ந்த இடத்துக்கு மேலே இப்போது
எழுபதடித் தண்ணீர்.
ஜிலேபிக் கெண்டை மேய்கிறது.

"லைன்ல இருக்கியா?" என்கிறான் சேவுகன்.
கயிறு, என்றேன்.
"அப்ப மொத தடவ நீயே இழு.
நான் கரையில நிக்கிறேன்."

சரிதான்.
சிக்கந்தர் உப்புத்தாளை மடித்து
வெட்டின் உதட்டை மழிக்கிறார்.
அதிகம் மழித்தால் கவை வழுக்கும்,
குறைந்தால் அறுக்கும்,
எங்கே நிறுத்த என்று என்னையே கேட்கிறார்.
நகத்தை வைத்து ஓட்டிப் பார்த்தேன்.
தட்டியது.

இன்னும் கொஞ்சம் பாய், என்றேன்.