மேடைச் சாமான்

"ஆறிப்போன கல்யாணம்.
வசனம் வர்றதுக்கு முன்னாடியே தெரியணும்,
மூணே சாமான்ல" என்றார் குணசீலன்.
நாடகத்தில் எனக்கு வேஷமில்லை,
சாமான் பொறுப்பு.
தண்டையார்பேட்டை முழுக்கக் கடன் கேட்டு அலைய வெட்கப்பட்டு
எங்கள் வீட்டிலிருந்தே எடுத்துப் போனேன்.

முதலில் கண்ணாடி.
நடுவில் அவருடைய சவரச் சோப்பின் தெறிப்பு,
ஓரமாக என் பொட்டுகள்.
"பொட்டு வேணாம்மா, ரொம்ப சினிமாத்தனம்."
உரித்தேன். பசை போகவில்லை.

மடக்குக் கட்டிலை விரித்ததும்
அது கிறீச்சிட்டது.
குணசீலன் கைதட்டினார்:
"எண்ணெய் கிண்ணெய் விட்றாதே. இதான் முத டயலாக்!"
நாலு வருஷமாகக் கேட்டுக் கேட்டு
அவர் வாங்கி வராத எண்ணெய்.
நல்லவேளை.

மூன்றாவதில்தான் சிக்கல்.
அலமாரித் தட்டில் இரண்டு எவர்சில்வர் டம்ளர்.
எங்கள் தெருவில் ட்ரெய்லர் போகும்போது மட்டும்
ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்,
கிணுகிணு என்று கொஞ்ச நேரம்.
வேறெதுவும் தொட்டுக்கொள்ளாத வீடு அது.
மேடைக்கு ட்ரெய்லர் எங்கே வரும்?
காசிமேட்டில் நைலான் நூல் வாங்கி
டம்ளருக்கு அடியில் ஒட்டி
மேசைக்குக் கீழே நான் உட்கார்ந்துகொண்டேன்.

சமூகநலக் கூடத்தில் விளக்கணைந்ததும்
மூன்றாம் வரிசையில் ஒரு வெள்ளிப் பட்டை மின்னியது.
கன்டெய்னர் யார்டிலிருந்து
சட்டை மாற்றாமல் வந்திருந்தார்.
வருகிறேன் என்று சொல்லவில்லை.
நானும் கூப்பிட்டிருக்கவில்லை.

பியூலா எங்கள் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.
நான் அதில் ஒருநாளும் அழுததில்லை,
எனக்கு அடுப்படி இருந்தது.
துணி விலக்கி மூன்றாம் வரிசையைப் பார்த்ததில்
நூலை இழுக்க மறந்து
ரெண்டு வசனம் தள்ளித்தான் இழுத்தேன்.
கிணுகிணு.
கூடத்தில் இருமல்கூட இல்லை.
வெள்ளிப் பட்டை அசையவேயில்லை.

திரும்பும்போது மீன்பாடி வண்டியில்
கட்டில் மல்லாந்து வந்தது,
கண்ணாடிக்குள் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக விழுந்து எழுந்தன.
எண்ணூர் நெடுஞ்சாலை தாண்டுகிற வரை பேச்சில்லை.
பிறகு கேட்டார்,
"சாமானுக்கு வாடகை இன்னா குட்த்தாங்க?"
"ஒண்ணும் இல்ல."
"ம்."

தரையில் தூசி படியாத சதுரங்கள்
அதது எங்கே நின்றதென்று காட்டின.
ஒரு விரற்கடை பிசகாமல் வைத்தேன்,
பழக்கதோஷம்.

பதினொன்றரைக்கு ட்ரெய்லர் போனது.
கிணுகிணு.
பதினோரு வருஷத்தில் முதல்முறை
அவர் தலையைத் தூக்கினார்.
கட்டிலிலிருந்து இறங்கி,
அது போட்ட சத்தத்துக்கு ஒரு கணம் நின்று,
அலமாரிக்கு முன்னால் முட்டிபோட்டு
கீழே குனிந்து பார்த்தார்.

என் சுண்டுவிரலில்
இன்னும் அவிழ்க்காத நூல்
ரெண்டு சுற்று.